சயாமிலிருந்து திரும்பியவர்களின் நினைவு எவ்வளவு உறுதி?

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் செனாய். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது 1974ல் திறக்கப்பட்ட விமான நிலையம்தான். அதைச் சுற்றித் தொழிற்சாலைகள், நெடுஞ்சாலைகள், வரிசை வரிசையாகப் புது வீடுகள். ஆனால் செனாய், கூலாய் வட்டாரத்துத் தமிழர்களின் பழைய கதை ரப்பர்த் தோட்டத்து லயங்களில் நடந்த கதை. அந்தக் கதையில் பேசத் தயங்கிய ஒரு பகுதி உண்டு. அதுதான் சயாம்.

1942 ஜனவரி முடிவதற்குள் ஜொகூர் முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. பிப்ரவரி 15ல் சிங்கப்பூரும் விழுந்தது. அந்த ஆண்டே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடும் வேலை ஆரம்பமாகி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கை அதைப்போல மூன்று மடங்கு என்றும், அதற்கும் அதிகம் என்றும் கணிக்கிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஜொகூர்த் தோட்டங்களும் இதற்குத் தப்பவில்லை. மலேரியா, வயிற்றுக்கடுப்பு, 1943ல் பரவிய காலரா, அரைவயிற்றுச் சோறு, அடி என்று ஆயிரம் ஆயிரமாக மடிந்தார்கள்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெள்ளைக்காரக் கைதிகளில் சிலர் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்ட் டன்லப் முகாமில் எழுதிய நாட்குறிப்பு 1986ல் புத்தகமாகவே வந்தது. என்றைக்கு மழை, என்றைக்கு எத்தனை பேருக்குக் காலரா என்று தேதிவாரியாக இன்று படிக்கலாம். தமிழ்த் தொழிலாளி எதில் எழுதினான்? பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. தெரிந்தவனுக்கும் தாள் கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே ஏடு அவன் மூளை. போர் முடிந்து திரும்பியவர்கள் அந்த ஏட்டை ஐம்பது வருஷம் தலைக்குள் வைத்திருந்து, பிள்ளைகளிடமும் பேரன்களிடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐம்பது வருஷம் கழித்துச் சொன்னதை வரலாறு என்று ஏற்கலாமா? "பெரிசு கூட்டிச் சொல்லுது" என்று ஒதுக்கிவிடலாமா? மூளையின் ரசாயனத்தை ஆராய்ந்தவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புறப்பட்டவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் கண்டுபிடித்தது நேராக இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

நல்ல நினைவைப் பசுமரத்தாணி என்பது நம் வழக்கம். ஒரு முறை இறங்கினால் இறங்கியதுதான். நூறு வருஷம் அறிவியலும் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது. 1900ல் ஜெர்மனியில் முல்லரும் பில்செக்கரும், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லிச் சோதித்தார்கள். படித்த உடனே வேறொன்றைப் படித்தால் முதலில் படித்தது குழம்பியது. சற்று நேரம் விட்டால் நின்றது. ஆக, புது நினைவு கெட்டிப்பட நேரம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1960களில் அமெரிக்காவில் எலிக்கும் தங்கமீனுக்கும் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, கற்றது நிலைக்கவில்லை. நினைவு கெட்டிப்பட மூளையில் புதுப் புரதம் உருவாக வேண்டும் என்பது இதிலிருந்து தெரிந்தது.

தோட்டத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது ரப்பர்ப் பால் கதை. மரத்திலிருந்து இறக்கிய பாலைத் தட்டில் ஊற்றி, அமிலம் கலந்தால் உறைகிறது. பிறகு மிஷினில் அழுத்தி, புகை போட்டுக் காய வைத்தால் ஷீட்டு. ஷீட்டான பிறகு அது மறுபடி பாலாகுமா? ஆகாது. நினைவும் அப்படித்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

1968ல் ஒரு முணுமுணுப்பு கேட்டது. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மிசானின், மில்லர், லூயிஸ் ஆகிய மூவர் எலிகளுக்கு ஒரு பயத்தைப் பழக்கினார்கள். மறுநாள், அந்தப் பயத்தை ஒரு கணம் நினைவூட்டிவிட்டு, உடனே மூளைக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். நேற்றே கெட்டியாகியிருக்க வேண்டிய பயம் பலவீனமாகிவிட்டது. நினைவூட்டாமல் அதிர்ச்சி கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. தலையில் அடிபட்டால் நினைவு போவதும், மறுபடி அடிபட்டால் திரும்புவதும் நம் சினிமாவில் பழகிய சங்கதி. இங்கே விஷயம் அடியில் இல்லை. அடிக்கு முன்னால் அந்த நினைவு விழித்திருந்ததா, தூங்கியிருந்ததா என்பதில் இருந்தது. மற்றவர்கள் செய்து பார்த்தபோது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. விஷயம் ஓரமாகப் போய்விட்டது. முப்பது வருஷம் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. பாரிஸில் சூசன் சாரா போன்ற ஒரு சிலர்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

2000ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில், கெய்ரோவில் பிறந்து கனடாவில் வளர்ந்த கரீம் நாதர் என்ற இளம் ஆய்வாளர் இதை மறுபடி எடுத்தார். ஜோசப் லெடூ ஆய்வகத்தில் வேலை. சோதனை எளிமையானது. எலிக்கு ஓர் ஒலி, கூடவே காலில் சிறு மின்னதிர்ச்சி. அடுத்து ஒலியை மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். ஒரு நாள் கழித்து அந்த ஒலியை ஒரே ஒரு முறை கேட்க வைத்தார். உடனே, மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு அளவுப் பகுதியில், புரத உற்பத்தியைத் தடுக்கும் அனிசோமைசின் மருந்தைச் செலுத்தினார். மறுநாள் ஒலியைக் கேட்ட எலிக்குப் பயம் வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டு வாரம் பழகிய பயத்துக்கும் அதே கதி. ஒலியைக் கேட்க வைக்காமல் மருந்து மட்டும் கொடுத்தாலோ, கேட்க வைத்து ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தாலோ பயம் அப்படியே இருந்தது.

ஷீட்டு மறுபடி பாலாகியிருக்கிறது! நினைக்கிறபோது நினைவு இளகுகிறது. சில மணி நேரத்துக்குள் மறுபடி கெட்டிப்பட வேண்டும். அதற்கு மீண்டும் புரதம் வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் தெளிந்தது. ஒரு நரம்பணு இன்னொன்றைத் தொடும் சந்திப்புகளின் பலத்தில்தான் நினைவு தங்கியிருக்கிறது. நினைவு எழும்போது அங்கே குளூட்டமேட் என்ற ரசாயனம் வெளிப்பட்டு, சில ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அதைத் தொடர்ந்து, சந்திப்பைப் பிடித்துக்கொண்டிருந்த பழைய புரதங்களில் சில உடைக்கப்படுகின்றன. இது திறக்கும் வேலை. அதன் பிறகு புதுப் புரதம் உருவாகிச் சந்திப்பை இறுக்குவது மூடும் வேலை. இரண்டும் வேறு வேறு. 2006ல் நாதர் குழுவினர் காட்டியது இதைத்தான். திறக்கும் ஏற்பியை முன்கூட்டியே ஒரு மருந்தால் அடைத்துவிட்டால், எலி ஒலியைக் கேட்டு வழக்கம்போலப் பயப்படுகிறது. ஆனால் பிறகு அனிசோமைசின் கொடுத்தும் நினைவுக்குச் சேதமில்லை. பூட்டுத் திறக்கவே இல்லையென்றால் உள்ளே எதைத் திருடுவது?

எல்லா நினைவும் எல்லா நேரமும் திறப்பதில்லை என்பதும் முக்கியம். வெறுமனே ஞாபகம் வந்தால் போதாது. எதிர்பார்த்ததற்கும் நடப்பதற்கும் சிறிது வித்தியாசம் இருந்தால்தான் மூளை பழைய கணக்கைத் திறந்து திருத்துகிறது. புவனஸ் அயர்ஸில் நண்டுகளை வைத்து நடந்த சோதனைகளிலும், 2013ல் ஆம்ஸ்டர்டாமில் மனிதர்களை வைத்து நடந்த சோதனையிலும் இது தெரிந்தது. ரொம்பப் பழைய நினைவும், மிக ஆழமாகப் பதிந்த நினைவும் லேசில் திறப்பதில்லை.

இதில் இன்னொரு ரசாயனத்துக்குத் தனி இடம் உண்டு. அதன் பெயர் நோர்அட்ரினலின். பயத்திலும் பதற்றத்திலும் உடம்பிலும் மூளையிலும் இது பெருகுகிறது. பாம்பைப் பார்த்த நாள் மறக்காமல் இருப்பதும், நேற்றைய குழம்பு மறந்துபோவதும் பெரும்பாலும் இதன் கைங்கரியம். அமிக்டலாவில் இது பீட்டா ஏற்பிகளில் ஒட்டியதும், நரம்பணுவுக்குள் ஒன்றையொன்று தூண்டும் ரசாயனத் தொடர் ஓடி, புரத உற்பத்திக்கு வேகம் கொடுக்கிறது. அனிசோமைசின் நஞ்சு, மனிதருக்குக் கொடுக்க முடியாது. பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்தோ பல காலமாக மருந்துக் கடையில் இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த புரோபிரனலால்தான் அது.

புரோபிரனலாலை உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். மருத்துவம் படித்த கடனை அடைக்க வேலை தேடி, 1947ல் அவர் வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? சிங்கப்பூர்! ஜொகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அங்கிருந்த மருத்துவக் கல்லூரியில் 1950 வரை உடலியங்கியல் சொல்லிக் கொடுத்தார். சயாமிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் தோட்டங்களுக்குத் திரும்பி, மறுபடி பால் மரம் வெட்டப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் தேடியதும் இதய நோய்க்கு மருந்து; நினைவுக்கல்ல. பிரிட்டன் திரும்பி, ஐசிஐ நிறுவனத்தில் சேர்ந்து, 1960களின் முற்பகுதியில் புரோபிரனலாலைக் கண்டார். 1988ல் நோபல் பரிசு பெற்றார். தீவின் பக்கத்திலேயே இருந்த கெட்ட கனவுகளுக்கு அவர் மருந்தை ஒரு நாள் சோதிப்பார்கள் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

1994ல் கலிபோர்னியாவில் கேஹில், மெக்கா ஆகியோர் புரோபிரனலால் சாப்பிட்டவர்களுக்கு ஒரு கதை சொன்னார்கள். கதையின் சாதாரணப் பகுதி நன்றாக நினைவிருந்தது. உள்ளத்தை உலுக்கும் பகுதி மட்டும் மற்றவர்களுக்கு நின்ற அளவுக்கு நிற்கவில்லை. பத்தாண்டு கழித்து, பழைய நினைவை எழுப்பிவிட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். 2009ல் ஆம்ஸ்டர்டாமில் மெரல் கிண்ட் குழு மாணவர்களுக்குச் சிலந்திப் படத்தோடு மின்னதிர்ச்சி கொடுத்துப் பயம் பழக்கியது. மறுநாள் மருந்தைக் கொடுத்து, அந்த நினைவை எழுப்பியது. மூன்றாம் நாள் படத்தைப் பார்த்தபோது உடம்பு திடுக்கிடவில்லை. ஆனால், "இந்தப் படம் வந்தால் அதிர்ச்சி வரும்" என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. பயம் போயிற்று, விவரம் போகவில்லை.

மாண்ட்ரியலில் அலன் புருனே உண்மையான நோயாளிகளிடம் இதைச் செய்தார். மருந்து கொடுத்து, தங்களுக்கு நேர்ந்ததைத் தாங்களே எழுதி, வாரம் ஒரு முறை படிக்க வேண்டும்; ஆறு வாரம். 60 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2018ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களின் வேதனை அதிகம் குறைந்தது. உடனே "மறதி மாத்திரை வந்துவிட்டது" என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். மற்ற ஆய்வகங்களில் சிலவற்றில் இந்தப் பலன் கிடைக்கவில்லை. கிண்டின் சோதனையும் திரும்பச் செய்யும்போது எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. நினைவு அழிகிறதா, அல்லது எட்டாமல் ஒளிந்துகொள்கிறதா என்ற சண்டை 1968லேயே தொடங்கியது; இன்னும் முடியவில்லை. டாக்டர் மேற்பார்வையில்லாமல் யாரும் தொடக்கூடிய மருந்தும் அல்ல இது, ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆபத்தானது.

சரி, இனி சயாம் கதைக்கு வருவோம்.

நினைவு ஒவ்வொரு முறையும் இளகி இறுகுகிறது என்றால், இளகிய நேரத்தில் வேறு தூசும் ஒட்டிக்கொள்ளலாம் அல்லவா? ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1986ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாளே, செய்தியை எங்கே, யாரோடு கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து 44 பேரிடம் அதையே கேட்டபோது, 11 பேருக்கு ஒரு விவரமும் பொருந்தவில்லை. தங்கள் கையெழுத்தையே காட்டியும், "இப்போது சொல்வதுதான் சரி" என்றவர்களும் உண்டு. தோட்டங்களில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டம் சேர்த்து, வாசலை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்பார்கள். இப்படி நடந்ததற்கு வரலாற்று நூல்களிலும் குறிப்பு இருக்கிறது. ஆனால் சொல்லும் ஒவ்வொருவரும் அந்தக் கொட்டகைக்குள் இருந்தாரா, அல்லது நாலு முறை கேட்டு, ஐந்தாம் முறை நினைக்கும்போது தன் கதையோடு கலந்துகொண்டாரா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதனால் மொத்தமும் பொய் என்றாகிவிடுமா? அங்கேதான் நெதர்லாந்திலிருந்து நல்ல சாட்சி ஒன்று கிடைக்கிறது. போர்க்காலத்தில் எரிக்கா என்ற முகாமில் கைதிகளைக் கொடுமைப்படுத்திய ஒருவர் மீது 1980களில் வழக்கு வந்தது. அதே முகாமின் கைதிகள் 1940களிலேயே போலீஸில் வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார் வாகனார் என்ற உளவியலாளர். ஆய்வு 1990ல் வெளியானது. நாற்பது வருஷத்தில் என்ன நின்றது? முகாமின் பசி, வேலை, அடி, அன்றாட நடைமுறை எல்லாம் ஆச்சரியப்படும் அளவுக்கு அப்படியே நின்றன. என்ன உதிர்ந்தது? போய்ச் சேர்ந்த தேதி, அடித்தவனின் பெயர், முகம், அவன் போட்டிருந்த உடுப்பு. நீதிமன்றத்துக்கு இது பெரிய சங்கடம். யார் குற்றவாளி என்று அடையாளம் காட்ட வேண்டுமே! வரலாற்றுக்கு அவ்வளவு சங்கடமில்லை.

ஆகவே, ஒரு தோட்டத்துப் பெரியவர், "காலராவில் செத்தவர்களை ஒரே குழியில் போட்டோம்" என்று சொன்னதை அப்படியே எழுதலாம். "அது மே மாதம் பத்தாம் தேதி, முந்நூறு பேர்" என்று சொல்லியிருந்தால், டன்லப் போன்றவர்களின் குறிப்புகளோடு ஒத்துப் பார்த்துதான் எழுத வேண்டும். உணர்ச்சி எவ்வளவு அதிகமோ, விவரம் அவ்வளவு துல்லியம் என்று கருதுவது தவறு. அழுதுகொண்டே சொன்னார், அதனால் தேதி சரி என்று எழுதிய கட்டுரைகள் தமிழில் குறைவல்ல. நோர்அட்ரினலின் பாம்பை ஆழமாகப் பதிக்கிறது. பாம்பு வந்த கிழமையை அப்படிப் பதிப்பதில்லை.

அவர்களில் பலர் பேசவே இல்லையே, அந்த மௌனத்தை என்ன செய்வது? நாவலாசிரியர்கள் அதைக் கொஞ்சம் திறந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் மலேசியத் தமிழில் இந்த வடுவைத் தொட்ட படைப்புகள். வெள்ளைக்காரக் கைதிகளிடமும் இதே மௌனம் இருந்தது. எரிக் லோமக்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, தன்னைச் சித்திரவதை செய்தபோது அருகிலிருந்த ஜப்பானிய மொழிபெயர்ப்பாளரை அரை நூற்றாண்டு கனவிலும் வெறுத்துக்கொண்டிருந்தார். 1993ல் காஞ்சனபுரியில் அவரை நேருக்கு நேர் சந்தித்தார். எதிரே நின்றவர் நடுங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் கிழவர். 1995ல் லோமக்ஸ் எழுதிய புத்தகத்தில் சித்திரவதையின் விவரம் ஒன்றும் குறையவில்லை, வெறுப்புதான் தீர்ந்திருந்தது. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறொன்று என்ற நிலையில்தான் பூட்டுத் திறக்கிறது என்று ஆய்வகம் சொல்வதை இதோடு பொருத்திப் பார்க்கத் தோன்றும். ஒருவரின் வாழ்க்கையைச் சான்றாகக் காட்டி அப்படி முடிவு கட்ட முடியாது. ஆனால் வேதனையைக் குறைத்தால் சாட்சியமும் அழிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள், கிண்டின் மாணவர்களையும் லோமக்ஸையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

தோட்டத்துத் தொழிலாளிக்கு மருந்தும் கிடைக்கவில்லை, மன்னிப்புக் கேட்க யாரும் வரவுமில்லை. கள்ளுக்கடைதான் இருந்தது.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பராமரிக்கப்படுகின்றன. பெயரும் படைப்பிரிவும் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே மலாயாத் தமிழ்த் தொழிலாளிக்குக் கல் இல்லை. சிங்கப்பூர் அரசு 1979ல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கி, ஜப்பானியர் காலத்தைப் பற்றி மக்களைப் பேசவைத்துப் பதிவு செய்தது. தமிழிலும் பதிவுகள் உண்டு. நாடாவில் பதிந்த குரலுக்கு ஒரு வசதி இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் அது இளகுவதில்லை. 1943ல் இருபது வயதில் ரயிலேறியவருக்கு இன்று நூறு கடந்திருக்கும். செனாய்ப் பக்கத்து லயங்களில் அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளுக்கே இப்போது எழுபதுக்கு மேல். அவர்களிடம் இருப்பது சயாமின் நினைவு அல்ல, அப்பா சொன்ன நாளின் நினைவு: எந்த வீட்டு வாசல், பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த இடத்தில் அப்பா பேச்சை நிறுத்தினார் என்பது. கேட்டு எழுதுகிறவர்கள் முதலில் வாங்க வேண்டியது இந்த விவரங்களைத்தான். ரயில் பாதையின் கதையை அதற்குப் பிறகு கேட்கலாம்.